மாதம் பதினான்கு மணி நேரம்

ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மகளை அவளுடைய அப்பா அழைத்துச் செல்லலாம். குடும்பநல நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவில் அவருக்கான நேரம் இப்படித் துல்லியமாக எழுதப்பட்டிருந்தது. கூட்டினால் மாதம் 14 மணி நேரம். மிச்ச நேரத்துக்கு ஒரே ஒரு வரிதான்: குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும்.

அந்த ஒரு வரிக்குள் காய்ச்சல் இருந்தது, பேன் இருந்தது, பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்தது, இரவு பத்து மணிக்கு அவளுக்கு நினைவு வரும் சார்ட் பேப்பர் இருந்தது. "பிள்ளை உன்கிட்டதானே இருக்கா, நீ ஜெயிச்சுட்டடி" என்றாள் அக்கா. ஜெயித்தவளுக்கு ஆகஸ்டு மாதமே அந்த வருடத்துத் தற்செயல் விடுப்பு தீர்ந்திருந்தது.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவுதான், குழந்தையின் இயற்கையான பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்றும் சொல்கிறது. குழந்தை யாரிடம் வளர்கிறது என்பது வேறு, குழந்தைக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பது வேறு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அவர் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், 'அவருக்குப் பிறகு' என்பதை 'அவர் இறந்த பிறகு' என்று மட்டும் கொள்ளக் கூடாது, தந்தை குழந்தையின் மேல் அக்கறை காட்டாதபோதும் தாயே பாதுகாவலர் என்று விளக்கம் தந்தது. விளக்கம் மாறியது, சட்டத்தின் சொற்கள் மாறவில்லை. மகளுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கப் போன வங்கியில், "அப்பா வரலையா மேடம்?" என்றுதான் என்னிடமும் முதலில் கேட்டார்கள்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நான் வீடு திரும்பும் நேரத்தைக் கேட்டார். மாதக் கடைசியில் அலுவலகத்தில் எத்தனை மணிவரை இருப்பீர்கள், அப்போது குழந்தைக்கு யார் சோறு போடுவார்கள் என்று கேட்டார். என் வேலை அங்கே குழந்தைக்கு நான் செய்யும் குறையாக வைக்கப்பட்டது. அதே மனுவில் அவருடைய வேலை, குழந்தையை வளர்க்க அவருக்கு இருக்கும் வசதி என்று எழுதப்பட்டிருந்தது. அவர் வீடு திரும்பும் நேரத்தை யாரும் கேட்கவில்லை. சோறு அவருடைய அம்மா போடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வழக்கு சமரச மையத்துக்குப் போனபோது நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். புதன்கிழமை பள்ளி விட்டதிலிருந்து வியாழன் காலை பள்ளிக்கு விடும்வரை அப்பாவின் பொறுப்பு. பல் மருத்துவர், தடுப்பூசி அவர் பொறுப்பு. பெற்றோர் கூட்டத்துக்கு மாறி மாறிப் போவது. காய்ச்சல் வந்தால் முதல் நாள் நான் விடுப்பு, இரண்டாம் நாள் அவர்.

"இதெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தார் சமரசர். என் வழக்கறிஞர் சிரிக்கவில்லை, என்னை வெளியே அழைத்தார். "இவ்வளவு கொடுத்தீங்கன்னா, நாளைக்கு 'நான்தான் பாதி வளர்க்கிறேன், கஸ்டடி எனக்கே வேணும்'னு மனு போடுவார் மேடம்" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இந்தப் பயத்தால்தான் எத்தனையோ பெண்கள் மொத்தத்தையும் தாங்களே சுமக்கிறோம். பிள்ளை கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று, பிள்ளையின் எந்த வேலையையும் கைமாற்ற மறுக்கிறோம். அம்மாதான் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கைக்கு அது இன்னும் வசதியாகிவிடுகிறது.

கூட்டுப் பொறுப்பு என்றால் தோழிகள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் அதற்கு வழி செய்யப் பரிந்துரைத்தது. ஆனால் ஜீவனாம்சத்தைக் குறைக்கவே சமநேரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அடித்தவனின் முகத்தை வாரந்தோறும் பார்த்துப் பிள்ளையை ஒப்படைக்கும்படி எந்தப் பெண்ணையும் கேட்கக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குழந்தைக்குத் தீங்கு என்று கருதினால் சந்திப்பையே மறுக்கும் அதிகாரத்தை நீதித்துறை நடுவருக்குத் தருகிறது. எங்கள் வீட்டில் அடி இல்லை. அங்கே இருந்தது, குழந்தையைக் கொஞ்சுவது அப்பாவுக்கு, குளிப்பாட்டுவது அம்மாவுக்கு என்ற பழைய பாகப்பிரிவினை. அதை அப்படியே நகலெடுத்து முத்திரை குத்தித் தரத்தான் ஒரு நீதிமன்றம் வேண்டுமா?

மகளின் அப்பா தாளை இரண்டு முறை படித்தார். தடுப்பூசியை மட்டும் அடித்துவிட்டார், ஊசி போடுவதைப் பார்க்க முடியாதாம். மற்றதற்குக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன், வழக்கறிஞரின் எச்சரிக்கை காதில் இருக்கும்போதே.

முதல் சில புதன்கிழமைகளில் இரவெல்லாம் போன் வந்தது. காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி, எந்தச் சீருடை, ஹிந்தி நோட்டு எங்கே. "மருந்து அளவு சீட்டுல இருக்கு, மத்ததை அவளையே கேளுங்க" என்று வைத்துவிடுவேன். இப்போது போன் வருவதில்லை. போன மாதம் அவள் தலையில் பேன் வந்தபோது அவர்தான் பார்த்தார், வியாழக்கிழமை தாமதமாக வேலைக்குப் போனார். அன்று நான் என் நேரத்துக்கு அலுவலகம் போய், மாதக் கடைசிக் கணக்கை முடித்தேன். அவர் நாளை மனு போடலாம். போட்டால், அந்த வேலையின் கணக்கும் இந்த முறை நீதிமன்றத்தில் எழுதப்பட்டிருக்கும்.