கேக் மணக்கும் மெழுகுதிரி

 

போன வாரம் நான் போட்ட மெழுகுதிரிப் படத்துக்குக் கீழேயும் இன்பொக்ஸிலும் ஒரே கேள்விதான். "டீச்சர், அந்த வெனிலா வாசனை எண்ணெய் எது? எப்படிப் பார்த்து வாங்குறது? எவ்வளவு ஊத்தணும்?" விடைத்தாள் திருத்துகிற காலம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதுகிறேன். நீளமான பதிவுதான். ஆனாலும் கடைசி வரை வாசியுங்கள். எண்ணெயைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது 2022இல். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்கள். மண்ணெண்ணெய்க்கும் கியூ, கேஸுக்கும் கியூ. உம்மா எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகளை ஒரு பால்மா டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அதை உருக்கி, நூல் திரி போட்டுப் புதிதாக ஊற்றினோம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் நான் படித்த விஞ்ஞானம் முதல் தடவையாகக் குசினியில் உதவியது என்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா என்னிடம் வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எல்லயில் வெள்ளைக்காரர் வாங்குகிற கடைகளில் வாசனை மெழுகுதிரி நல்லாப் போகுதாம், நமக்கும் செய்ய முடியுமா என்று கேட்டார். எங்கட வீட்டுக்காரருக்கு எல்லயில் ஒரு கடைக்காரரைத் தெரியும். கேட்டோம். "வெனிலா, கேக் மாதிரி மணம் இருந்தா கொண்டு வாங்க" என்றார். அப்படித்தான் தொடங்கினோம்.

முதல் பிழை என்னுடையது. உம்மாவின் அலுமாரியில் கேக்குக்குப் போடுகிற வெனிலா எசன்ஸ் இருந்தது. வெனிலா வெனிலாதானே என்று உருகிய மெழுகில் ஊற்றினேன். சேரவே இல்லை. சிறு சிறு துளிகளாக அடியில் போய்த் தங்கியது. ஏற்றினால் திரி சடசடவென்று பொரிந்து அணைந்தது. காரணம் எளிது. சாப்பாட்டு எசன்ஸ் தண்ணீரிலோ, அல்கஹோலிலோ, புரொப்பிலீன் கிளைக்கோலிலோ கரைத்தது. மெழுகு எண்ணெய்ச் சாதி. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் படிப்பிக்கிற பாடம்தான், எனக்கே நினைவு வரவில்லை. ஆகவே முதல் விதி: போத்தலில் "மெழுகுதிரிக்கு உரியது" என்று எழுதிய வாசனை எண்ணெயை மட்டும் வாங்குங்கள். கேக் எசன்ஸ், அத்தர், ஊதுபத்திக் கடை எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது தடவை சரியான எண்ணெய் வாங்கினோம். "வெனிலா பட்டர் கிரீம்". ஊற்றிய அன்று பால் வெள்ளை. பன்னிரண்டு மெழுகுதிரி கடைக்குப் போனது. இரண்டு கிழமையில் எல்லாம் பிளேன்டீ நிறமாகித் திரும்பி வந்தது. பழுதான மெழுகு என்று கடைக்காரர் நினைத்துவிட்டார். அது பழுது இல்லை. வெனிலாவுக்கு மணம் கொடுக்கிற பொருளின் பெயர் வெனிலின். அது காற்றும் வெளிச்சமும் பட்டால் மெழுகை மெல்ல மெல்லப் பழுப்பாக்கும். எவ்வளவு கூட இருக்கிறதோ அவ்வளவு கறுக்கும். விற்கிறவரிடம் "இதில் வெனிலின் எத்தனை வீதம்?" என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் சொல்லுவார். கூட இருந்தால் வெள்ளை மெழுகுதிரி என்ற ஆசையை விடுங்கள். தகர டின்னில் ஊற்றுங்கள், அல்லது தொடக்கத்திலேயே பழுப்பு நிறம் சேருங்கள்.

மூன்றாவது விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

நிறம் எப்படியும் பழுப்பாகிறது, மணம் கேக் மணம், அப்படியானால் கேக்காகவே செய்வோமே என்று எனக்குத் தோன்றியது. கப் கேக் அச்சில் ஊற்றி, மேலே மெழுகையே ஐசிங் போல அடித்து வைத்தோம். பார்த்தவர்கள் யாரும் மெழுகு என்று நம்பவில்லை. "என்ன புள்ள, ஊடெல்லாம் கேக் வாசம்" என்று உம்மாவே ஏமாந்து போனார். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு ஐம்பது கேட்டார். அக்காவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவின் சின்ன மகள் அதைக் கடித்துவிட்டாள். நாலு வயது. லயத்து அறையில் ஒரு தட்டில் ஆற வைத்திருந்ததை எடுத்து, ஐசிங் பக்கத்தை வாய் நிறையக் கடித்திருக்கிறாள். அக்கா விரலை விட்டு எடுத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் துண்டு தொண்டையில் அடைத்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் பேக்கரியில் உண்மையான கப் கேக் ஆறு வாங்கிக்கொண்டு போனேன். பெரியவள் உடனே எடுத்தாள். சின்னவள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மணந்து பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், இதைத் தின்னலாமா என்று.

நமது பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பேக்கரி மணம் எங்கிருந்து வரும்? சூன் பாண் ஆட்டோவில் இருந்துதான். அந்த மெட்டு பீத்தோவனுடையது என்று தெரியாது, ஆனால் கேட்டவுடன் லயத்து வாசலுக்கு ஓடுவார்கள். 2022இல் கேஸும் இல்லை, பெற்றோலும் இல்லை, மாவு விலையும் ஏறியது. பேக்கரிகள் மூடப்பட்டன, எங்கள் பக்கம் அந்த மெட்டும் நின்றது. அந்தக் காலத்தில் பாலர் வயதில் இருந்த பிள்ளை இவள். இப்படிப்பட்ட வீட்டில் கேக் மணத்தையும் கேக் உருவத்தையும் கொண்டுபோய் ஒன்றாக வைத்தது நான். பிழை பிள்ளையுடையது அல்ல.

பிறகு தேடி வாசித்தேன். ஐரோப்பிய சமூக நாடுகள் 1987ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கின்றன. உருவத்தால், மணத்தால், நிறத்தால், பொதியால் உணவு என்று எண்ண வைத்து, பிள்ளைகள் வாயில் வைத்தால் ஆபத்தாகக் கூடிய பொருட்களை விற்கக் கூடாது என்றது அது. எல்லயில் நாம் விற்க நினைத்த கப் கேக், அதை வாங்கக்கூடிய பலருடைய நாட்டில் தடைசெய்யப்படக் கூடிய பொருள்.

ஐம்பதையும் செய்யமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "டீச்சர், ஒங்களுக்கு மாசாமாசம் சம்பளம் வருதுங்க. எனக்கு இதுதானுங்க வந்துச்சு. புள்ளைய நான் பாத்துக்க மாட்டேனா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டு கிழமை அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. பாடசாலை வாசலில் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

அந்த இரண்டு கிழமையில் நான் செய்தது, மணத்தை வைத்துக்கொண்டு உருவத்தை விடுவதற்கு வழி தேடியதுதான். நீங்கள் கேட்ட கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

வெனிலா எண்ணெய் என்று ஒன்று இல்லை, பல உண்டு. "வெனிலா பீன்" என்றால் மரமும் புகையும் கலந்த மணம், இனிப்புக் குறைவு. "பிரெஞ்ச் வெனிலா" முட்டையும் பாலும் போட்ட கஸ்டர்ட் போல இருக்கும். "பட்டர் கிரீம்", "வெனிலா கேக்" இரண்டிலும் பட்டர் மணம் தூக்கலாக வரும். சின்ன அறையில் அரை மணித்தியாலத்தில் திகட்டிவிடும். "சுகர் குக்கி" கருகிய சீனி மணம். "சினமன் ரோல்" என்பதில் கறுவா முன்னுக்கு நிற்கும். மூடிய சின்ன அறைக்கு வெனிலா பீன்தான் நல்லது என்பது என் அனுபவம். பேக்கரி வகை வேண்டுமானால் அதில் கால் பங்கு கலந்தால் போதும்.

போத்தலை மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூடியைத் திறந்தவுடன் வருவது எரியும்போது வருகிற மணம் அல்ல. பஞ்சு முனையில் ஒரு துளி, வேறு எண்ணெய் என்றால் இன்னொரு முனையில் ஒரு துளி. இரண்டையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி வையுங்கள். மறுநாள் திறந்து மணந்து பாருங்கள். கலவை ஒத்துப்போகிறதா என்று மெழுகை வீணாக்காமலே தெரிந்துவிடும்.

இப்படிப் பஞ்சு வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களுக்கு ஒரு கலவை கிடைத்தது. வெனிலா பீன் கூட, ஏலக்காய் கொஞ்சம், கறுவா இன்னும் கொஞ்சம். உம்மா மணந்து பார்த்துவிட்டு "இது பெருநாள் வட்டிலப்பம்" என்றார். வெள்ளைக்காரருக்கு அவர்களுடைய ஊர்ப் பேக்கரி மணத்தை நாம் ஏன் திருப்பி விற்க வேண்டும்?

அளவு: கரண்டியால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். சோயா மெழுகு ஒரு கிலோவுக்கு 60 முதல் 80 கிராம். சாதாரண பரஃபின் மெழுகுக்கு அதைவிடக் குறைவு, 30 முதல் 60 கிராம். கூட ஊற்றினால் மணம் கூடாது. எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும், புகை வரும். மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல் தண்ணீர்ச் சட்டிக்குள் சட்டி வைத்து உருக்குங்கள். 80 பாகை செல்சியஸ் அளவில் எண்ணெயை விட்டு இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். மெழுகுப் பெட்டியில் வேறு வெப்பநிலை எழுதியிருந்தால் அதையே கேளுங்கள். சோயா மெழுகு என்றால் ஊற்றிய பிறகு இரண்டு கிழமை மூடி வையுங்கள், அப்போதுதான் மணம் பிடிக்கும். வெனிலா எண்ணெய் கனமானது, திரியை அடைக்கும். வழமையான திரி மங்கலாக எரிந்தால் ஓர் அளவு பெரிய திரி போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. லேபலில் "இயற்கை வெனிலா" என்று எழுதாதீர்கள். போத்தலில் இருப்பது பெரும்பாலும் கொடியில் காய்த்தது அல்ல. 1874இல் ஜெர்மனியில் ஹார்மன், டீமன் என்ற இரண்டு பேர் பைன் மரச் சாற்றுப் பொருளில் இருந்து வெனிலினைச் செய்தார்கள். பிறகு கராம்பு எண்ணெயில் இருந்தும் செய்தார்கள். உண்மையான வெனிலா ஓர் ஓர்கிட் கொடி. பூ ஒரு நாள்தான் விரியும், அன்றே கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த எளிய முறையை 1841இல் கண்டுபிடித்தவர் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுப் பிள்ளை. உலகமெல்லாம் அவருடைய முறையில் வெனிலா விளைந்தது. தோட்டக்காரர்கள் பணக்காரர் ஆனார்கள். அவர் 1880இல் வறுமையில் இறந்தார். இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது: "அவருக்கு ஒண்ணுமே குடுக்கலயா டீச்சர்?" தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

கடைசியாக, பாதுகாப்பு. வாசனை எண்ணெய்ப் போத்தல் மெழுகுதிரியைவிட ஆபத்தானது. பாணி போல மணக்கும். பூட்டி வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடுங்கள். லயத்தில் ஒரு வீட்டில் பிடித்தால் வரிசையே போய்விடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தூங்கப் போகும் முன் அணையுங்கள். இழைப்பு உள்ளவர்கள் இருக்கும் அறையில் வாசனை மெழுகுதிரி ஏற்றாதீர்கள்.

அக்கா இப்போது என்னோடு பேசுகிறார். வட்டிலப்ப மணத்தில், மூடி போட்ட தகர டின்னில், "உண்ணக் கூடாது" என்று மூன்று மொழியிலும் எழுதிச் செய்கிறோம். கடைக்காரர் முதலில் ஐம்பது எடுக்கவில்லை, இருபதுதான் எடுத்தார். போன மாதம் இன்னும் இருபது. கப் கேக் அளவுக்கு ஓடவில்லை என்பது உண்மை. அந்த வித்தியாசம் அக்காவின் கையில்தான் குறைகிறது, என் கையில் அல்ல. அதனால் என் பங்கு இலாபத்தை நான் எடுப்பதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. "நீங்க ஏன் கப் கேக் செய்றதில்ல?" என்று கேட்டவர்களுக்குக் கணக்கை முழுசாகச் சொல்ல வேண்டுமே என்பதற்காக.

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கம் இருந்து யாராவது சகோதரிகள் பழக விரும்பினால் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரலாம். இன்ஷா அல்லாஹ், மெழுகு நான் தருவேன். சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. அவர்களுக்குச் சாப்பிட வட்டிலப்பம் தனியாக இருக்கும்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.