பெட்டி, டயல், மிஷின்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் சுவர்க்கடிகாரத்தை முதலில் பெட்டியாகத்தான் பார்க்கிறார்கள். செதுக்குவேலை எப்படி, கண்ணாடி பழையதா மாற்றியதா, உச்சியிலுள்ள குமிழ் உடையாமல் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிறார்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் இருக்கும் பழுதுபார்ப்பவரின் கடையில் வரிசை வேறு. அங்கே காலிப் பெட்டிகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. டயல்கள் செய்தித்தாள் சுற்றிய பொட்டலங்களாக அலமாரியில் இருக்கின்றன. மிஷின்களுக்கு மட்டும் மேசைமேல், விளக்குக்கு நேர்கீழே இடம்.

எழுபதைத் தாண்டிய பெரியவர் அவர். தகப்பனாரிடம் தொழில் கற்றவர். நான் போனபோது ஒரு ஜெர்மன் மிஷினின் பித்தளைத் தகட்டை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஓடுமான்னு இப்ப யாரும் கேக்குறதில்ல தம்பி. சுவத்துல எடுப்பா இருக்குமான்னுதான் கேக்குறாங்க” என்றார், நிமிராமலே.

செட்டிநாட்டுக்கு இந்தக் கடிகாரங்கள் வந்த வழி தெரிந்ததுதான். பர்மா, இலங்கை, மலாயா என்று கொடுக்கல் வாங்கல் தொழிலுக்குப் போன நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் நடுவே ஒரு கடிகாரமும் மாட்டப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபின் அந்த வருமானம் அறுந்தது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். பங்கு பிரிக்க முடியாத சாமான்கள் விலைக்குப் போயின. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் நிறைந்தது அப்படித்தான்.

அந்தக் கடிகாரங்கள் பிறந்த இடங்களின் கதை நம் பக்கம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1807 வாக்கில் எலை டெர்ரி என்பவர் 4000 மர மிஷின்களை மூன்றே ஆண்டுகளில் செய்துதர ஒப்புக்கொண்டார். அதுவரை சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் ஒரு கைவினைஞர் கையால்தான் வெட்டி முடிப்பார் என்பதால் அந்த எண்ணிக்கையை யாரும் நம்பவில்லை. அவர் முடித்துக் கொடுத்தார். அடுத்த தலைமுறையில் சான்சி ஜெரோம் பித்தளைத் தகட்டிலிருந்தே சக்கரங்களை அச்சில் வெட்டி எடுக்கும் முறையைப் பெருந்தொழிலாக்கினார். 1842இல் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிய சரக்கின் விலை மிகக் குறைவாக இருந்தது. வரிக்குப் பயந்து விலையைக் குறைத்துக் காட்டுகிறார் என்று சந்தேகித்த சுங்கத்துறை, அவர் எழுதிய விலைக்குமேல் பத்து சதவீதம் சேர்த்துக் கொடுத்து மொத்தத்தையும் தானே எடுத்துக்கொண்டது. ஜெரோம் மகிழ்ச்சியோடு அடுத்த சரக்கை அனுப்பினார். அதற்கும் அதே கதி. மூன்றாவது சரக்கு வந்தபோதுதான், விலை நிஜமாகவே அவ்வளவுதான் என்று அதிகாரிகளுக்குப் புரிந்தது.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் வீட்டுக்கு வீடு மரச்சக்கரக் கடிகாரம் செய்துவந்த குடும்பங்களை இந்த மலிவு விலை நிலைகுலைய வைத்தது. அங்கிருந்து வந்த பதில்தான் 1861இல் ஷ்ராம்பெர்க் ஊரில் தொடங்கிய யுங்கான்ஸ். அமெரிக்கப் பாணி இயந்திரங்களைக் கொண்டே வளர்ந்து, 1903 வாக்கில் உலகின் மிகப்பெரிய கடிகாரத் தொழிற்சாலை என்ற இடத்துக்கு வந்தது. நட்சத்திரத்துக்குள் ‘ஜே’ எழுத்து பொறித்த அதன் முத்திரை பெரியவரின் மேசையில் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு அம்புகள் என்றால் ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனி. பெயரில்தான் ஹாம்பர்க், ஆலை இருந்தது அதே ஷ்ராம்பெர்க்கில். நங்கூர முத்திரையோடு ‘ஜி.பி.’ என்றிருந்தால் கஸ்டாவ் பெக்கர். அந்த ஆலை இருந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.

டயலில் உள்ள பெயரை நம்பிப் பணம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் பெரியவருக்கு வருத்தம். சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கடைகள் வெளிநாட்டு மிஷின்களுக்குத் தங்கள் பெயரெழுதிய டயலைப் போட்டு விற்றதுண்டு. அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. உலகம் முழுக்க நடந்த வழக்கம் அது. இங்கிலாந்தில் ஆளுயரக் கடிகாரங்களின் பெட்டியைத் தச்சர் ஒருவர் செய்வார். 1770களிலிருந்து வெள்ளை வண்ணம் பூசிய இரும்பு டயல்கள் பர்மிங்காம் பட்டறைகளில் தயாராகி நாடெங்கும் போயின. கடைசியாக எல்லாவற்றையும் பொருத்தியவர் தம் பெயரை முகத்தில் எழுதிக்கொண்டார். ஆகவே கடிகாரம் என்பது எப்போதுமே ஒரே கையின் வேலை அல்ல. பெட்டி, டயல், மிஷின் மூன்றும் மூன்று தொழில். மூன்றும் கெடுவதும் மூன்று விதமாக.

பெட்டியைக் கெடுப்பது கரையானும் ஈரமும். ஜெர்மன் பெட்டிகளில் வெளியே தெரியும் வால்நட், பெரும்பாலும் மெல்லிய தோல்தான். அடியில் இருப்பது பைன் போன்ற லேசான மரம். முதுகுப்பலகையைக் கரையான் தின்றிருக்கும். முன்பக்கம் பளபளப்பு குறையாமலே இருக்கும். மேல்தோல் உரிந்து வந்தால் பெரியவர் பக்கத்துத் தெருத் தச்சரைக் கூப்பிடுகிறார். இருவருக்கும் ஒரே விஷயத்தில் பிடிவாதம்: ஒட்டுவது வச்சிரத்தில்தான். மாட்டுத்தோல் எலும்பிலிருந்து காய்ச்சும் அந்தப் பசையைச் சூடும் ஈரமும் கொடுத்து நாளைக்கு இன்னொருவர் இளக்கிக்கொள்ளலாம். இன்றைய வெள்ளைப் பசை அப்படி விடாது. பிரிக்கப் போனால் மரம்தான் பிய்ந்து வரும். பாலிஷும் அதே போல. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்க்கிறார் தச்சர். பழைய மெருகைச் சுரண்டி எடுத்துவிட்டு வார்னிஷ் அடித்துத் தரச் சொல்லும் வாடிக்கையாளர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

டயல் விஷயம் இன்னும் நுட்பமானது. பீங்கான் டயல் என்று சொல்லப்படும் எனாமல் டயலில் மயிரிழை விரிசல் விழும். அழுக்கேறினாலும் மெதுவாகத் துடைத்து எடுக்கலாம். துத்தநாகத் தகட்டின்மேல் காகிதம் ஒட்டிய அமெரிக்க டயலில் ஈரத்துணி பட்டால் எண்கள் கரைந்தே போகும். அப்படிக் கரைந்துபோன ஒன்றை எடுத்துக் காட்டினார். ரோமன் எழுத்தில் ஏழும் எட்டும் இருந்த இடத்தில் பழுப்புக் கறைதான் மிச்சம். அதன்மேல் ஒட்டப் புதிதாக அச்சடித்த காகித டயல்கள் கிடைக்கின்றன. அவர் அதைச் செய்வதில்லை. மங்கிய டயலிலும் நேரம் தெரியும், அது போதும் என்கிறார். எனக்கும் அவர் கட்சிதான் சரியென்று படுகிறது. வெள்ளைவெளேரென்ற புதுக் காகிதம் நூறு வருடப் பெட்டிக்குள் பொய்யாகத் தெரிகிறது.

ஆனால் அவருடைய மனம் இருப்பது மிஷினில். டயலில் சாவித்துளைகள் இரண்டு இருக்கும். வலதுபக்கத்து ஸ்பிரிங் முட்களை ஓட்டுகிறது. இடதுபக்கத்து ஸ்பிரிங் மணி அடிக்கிறது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 78, ஒவ்வொரு அரைமணிக்கும் ஓர் அடி என்றால் இன்னொரு 12. ஆக அரைநாளுக்கு 90. வாரத்துக்கு ஒரு தடவை சாவி கொடுக்கும் வீட்டில், அடுத்த சாவிக்குள் இடதுபக்கத்து ஸ்பிரிங் 1260 தடவை சுத்தியலைத் தூக்கியிருக்கும். அந்தச் சுருளை முறையாகத் தளர்த்தாமல் தகட்டைத் திறந்தால் விரல் போய்விடும். சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, சக்கரம் பின்வாங்காமல் தடுக்கும் சிறு கொக்கியை விலக்கி, அரைச்சுற்று விட்டு மறுபடி மாட்டி, மறுபடி விட்டு... அந்த நேரத்தில் அவர் யாரோடும் பேசுவதில்லை.

இந்த மிஷின்களுக்கு வரும் பெரிய நோய் எண்ணெய். நின்றுபோன கடிகாரத்துக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கிறோம் என்று தையல் மிஷின் எண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் ஊற்றியிருப்பார்கள். ஊற்றியதும் கொஞ்ச நாள் ஓடும். பிறகு தூசி அதில் ஒட்டிக் குழம்பாகி, சாணைக்கல் வேலையைச் செய்யத் தொடங்கும். இரும்பு அச்சுமுனை பித்தளைத் தகட்டின் துளையை ஒருபக்கமாகத் தின்றுகொண்டே போகும். வட்டத்துளை முட்டை வடிவமாகிவிட்டால் சக்கரங்கள் சாய்ந்து, பல்லோடு பல் சரியாகச் சேராது.

“இதுக்கு ரெண்டு வழி இருக்கு” என்று ஒரு தகட்டைத் திருப்பினார். துளையைச் சுற்றிக் கூர் உளியால் குத்திக் குத்தி உலோகத்தை உள்ளே நெருக்கியிருந்த தழும்புகள் தெரிந்தன. அது குறுக்குவழி. நேர்வழி, புஷ் போடுவது. துளையைப் பழைய மையம் மாறாமல் அகலப்படுத்தி, சிறு பித்தளைக் குழாயை அதில் அறைந்து, தகட்டோடு சமமாக ராவி, அச்சுமுனை சுழலும் அளவுக்கு உள்ளே இழைப்பது. மையம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. வேலை முடிந்தபின் முதலில் ஸ்பிரிங் போடுவதில்லை. சக்கரத்தொகுதியை மட்டும் தகடுகளுக்கிடையே பூட்டி, முதல் சக்கரத்தை விரல்நுனியால் தொடுகிறார். கடைசிச் சக்கரம் வரை சத்தமில்லாமல் ஓடி, நின்று, லேசாகப் பின்னோக்கி அசைந்தால்தான் திருப்தி.

அதே தகட்டின் உட்புறம் ஊசியால் கீறிய பழைய தேதி ஒன்றும் யாருடையதோ முதலெழுத்துகளும் இருந்தன. அவருக்கு முன்னால் அதைத் திறந்த கைகளின் கணக்கு அது. மெருகேற்றும்போது அந்த இடத்தை மட்டும் அவர் தொடாமல் விட்டுவிடுகிறார்.

பெண்டுலத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்த தகவல் கிடைத்தது. பழைய ஜெர்மன் கடிகாரங்களில் பெண்டுலத்தின் அடிநட்டு மேலே ஏற்றி வைக்கப்பட்டிருப்பதை அவர் பலமுறை கண்டிருக்கிறார். “இந்த ஊருக்கு வந்தா மெதுவாத்தான் ஓடும்னு எங்க அப்பா சொல்லுவாரு. ஏன்னு சொன்னதில்ல.” காரணம் பூமியின் உருவத்திலும் சுழற்சியிலும் இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு சற்றே குறைகிறது, ஊசல் மெதுவாகிறது. பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே 1672இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி துருவங்களில் தட்டையானது என்று வாதிட நியூட்டனுக்கு அந்த அளவு உதவியது. ஷ்ராம்பெர்க்கில் சரிபார்த்த கடிகாரத்தைக் காரைக்குடியில் மாட்டினால், கணக்குப்படி நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் மெதுவாகும். கால் மீட்டர் நீளப் பெண்டுலம் என்றால் குண்டை முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏற்ற வேண்டும். நட்டைச் சில திருகு திருகினால் போதும்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டிலேயே அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் 1821இல் ஊசலின் நீளத்தை இங்கே அளந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த வானாய்வகத்தில் இருந்த ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம், 1899இல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறியபோது மலையேறி, இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. இதைச் சொன்னதும் பெரியவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டார். யார் அதற்குச் சாவி கொடுக்கிறார்கள், எந்த எண்ணெய் போடுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆச்சி பேரனோடு வந்தார். “எங்க ஐயா ரங்கூன்லேர்ந்து கொண்டாந்தது. அடிச்சா போதும், நேரம் காட்டாட்டிப் பரவால்ல” என்றார். பெரியவர் பெட்டியைத் திறந்து கம்பிச்சுருளை விரலால் சுண்டிக் கேட்டார். மணி நன்றாகத்தான் ஒலித்தது. பெண்டுலத்தைத் தொங்கவிட்டுக் காதை வைத்தார். டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே இடைவெளி சமமாக இல்லை, நொண்டி நடை. உள்ளே பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியைச் சற்றே வளைத்தார். சத்தம் சமமானது. காசு வாங்கவில்லை. வீட்டுச் சுவரில் நேராக மாட்டச் சொல்லி, நடுவில் நின்றால் தொடாமல் சொல்லி அனுப்பும்படி பேரனிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

இப்படி எளிதில் சரியாகக்கூடிய மிஷின்களைத்தான் பலர் கழற்றி எறிகிறார்கள். பழைய பெட்டிக்குள் பேட்டரி மிஷினை வைத்து, பெண்டுலத்தை அலங்காரத்துக்கு ஆடவிட்டால் விற்பது சுலபம். சாவித்துளைகள் சும்மா கிடக்கும். நூறு வருடம் ஓடிய பித்தளை எடைக்குப் போகும். இது எனக்குப் பெரும் இழப்பாகப் படுகிறது. ஏனென்றால் இவற்றைச் செய்த ஆலைகளில் சிலவற்றின் இயந்திரங்கள்கூடப் பிறந்த ஊரில் இல்லை. அமெரிக்காவின் ஆன்சோனியா கம்பெனியின் கருவிகளை 1929இல் சோவியத் அரசு வாங்கி மாஸ்கோவுக்குக் கப்பலேற்றிவிட்டது. புது ஆன்சோனியா மிஷினை இனி யாரும் செய்யப் போவதில்லை.

எடைக்கு வரும் அந்த மிஷின்களைப் பெரியவர் வாங்கி வைக்கிறார். கடையின் பின்னறையில் தகரப்பெட்டிகள் நிறைய, முத்திரைவாரியாகப் பிரித்து, நூல் கட்டி. கொக்கி, சுத்தியல், சக்கரம் என்று தேவைப்படும்போது அவற்றிலிருந்துதான் எடுக்கிறார். சில சமயம் முழு மிஷினே மறுவாழ்வு பெறுகிறது. நான் கிளம்பத் தயாரானபோது கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போனில் வந்தார். பேட்டரி மிஷின் பொருத்திய பழைய பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம். பேட்டரியை எடுத்துவிட்டுப் பழைய மிஷின் போட ஆசையாம். பெரியவர் பென்சிலை எடுத்து, செய்தித்தாள் ஓரத்தில் ஒரு செவ்வகம் வரைந்துகொண்டார்.

“முதுகுப்பலகைல பழைய ஸ்க்ரூ துளை தெரியும் பாருங்க, அத அடைக்காதீங்க. துளைக்குத் துளை எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து சொல்லுங்க. டயல்ல சாவித்துளை ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னும் வேணும். ஸ்கேல் இருக்கா? எடுத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்.”