வாத்துக்கு வலி மாத்திரை கேட்டா தர மாட்டேன்

வீட்ல வளர்க்குற கூஸ் வாத்து திடீர்னு நொண்டுதா? முதல்ல ஒண்ணு: நீங்க போடுற மூட்டுவலி மாத்திரையை அதுக்கு உடைச்சுக் குடுக்காதீங்க.

டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க கிட்னி போயி லட்சக்கணக்குல செத்துச்சு. 2006ல கால்நடைக்கு அந்த மருந்தையே தடை பண்ணாங்க.

நான் மனுஷ டாக்டர்தான். ஆனா இங்க கடத்தூர்ல ஓ.பி.க்கு வந்த ஒரு அம்மா சுகர் மாத்திரையை வாங்கிட்டு நகரல. "வாத்து நேத்து வரைக்கும் நல்லா நடந்துச்சு சார். இன்னைக்கு ஒரு காலை ஊனவே மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை குழம்பு வெச்சிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு."

நம்ம தருமபுரிப் பக்கம் கால் முடங்குனா ஃபுளோரைடு தண்ணின்னுதான் நினைப்போம். அது வருஷக்கணக்குல எலும்பைப் பிடிக்கும், ஒரே ராத்திரில முடக்காது. திடீர்னு நொண்டுனா அடி, முள்ளு, கால்ல சுத்துன நைலான் நூல், பாதத்துல சீழ் இதையெல்லாம் பாக்கணும்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உள்ளங்கால்ல சீமைக்கருவேல முள்ளு! எடுத்துட்டாங்க, குழம்பு கேன்சல்.

குஞ்சு வாத்துன்னா தீவனத்தையும் பாருங்க. கோழியை விட அதுக்கு நியாசின் அதிகம் வேணும். வெறும் சோறும் குருணையும் போட்டா கால் வளைஞ்சிடும்.

படுத்தே கிடந்தா வைக்கோல் பரப்பி, தீனி தண்ணியை எட்டுற தூரத்துல வைங்க. தூக்கிட்டுப் போக முடியலன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962.