உடைத்துப் பார்த்த கல்

ஞாயிறு, மயிலாடி

தெரு முழுக்க உளிச் சத்தம். கல்தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. 2023இல் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். நான் போனது சிலை பார்க்க அல்ல, கல் பார்க்க. ஓரமாகக் கிடந்த தவிட்டு நிறப் பாளம் ஒன்றைக் காட்டி, இது எந்த இனம் என்று மூத்த சிற்பியிடம் கேட்டேன்.

"சாரே, மேல்தொலியப் பாத்து ஒண்ணும் சொல்லப்பிடாது. முறிச்சுப் பாக்கணும்."

மூலையில் சுத்தியலால் ஒரு போடு போட்டார். சில்லு தெறித்தது. தவிட்டு நிறம் ஓரத்தில் மெல்லிசாக மட்டும் இருந்தது, வெயிலும் மழையும் தின்ற பாகம். உள்ளே கரும்பச்சை, அதில் எண்ணெய் மினுக்கம். விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பு எதுவும் இல்லை; சொரசொரவென்று காய்ந்து கிடக்கிறது. கண்ணுக்கு எண்ணெய், கைக்கு வறட்சி: சார்னோக்கைட்டுக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. நாகர்கோவிலைச் சுற்றி நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிக் கடந்துபோகும் பாறையில் பெரும்பங்கு இதுதான்.

சார்னோக்கைட் என்ற பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் வணிகக் குடியேற்றம் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் சென்னைப் பல்லாவரத்துப் பாறை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் பாறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். பல்லாவரத்துக்காரனுக்குத்தான் நியாயமாகக் கோபம் வர வேண்டும்.

பிறகு சிற்பி இரண்டு பாளங்களைத் தட்டிக் காட்டினார். ஒன்று மணி போல் நின்று ஒலித்தது, மற்றது 'டொக்' என்று அடங்கியது. ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று சிற்ப மரபு ஒலியை வைத்துப் பிரிக்கிறது. அடங்கிய கல்லில் உள்வெடிப்பு இருக்கும், உளி வைத்தால் பாதியில் பிளக்கும் என்றார். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது பிடித்துவிடுகிறது. சுசீந்திரம் கோயிலில் இசைத்தூண் செய்தவர்களும் முதலில் தட்டித்தான் பார்த்திருப்பார்கள்.

திங்கள், வீடு

சில்லை வாசலில் வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் சில மணிகள் சட்டென்று தட்டையாக மின்னி அணைகின்றன. அவை ஃபெல்ட்ஸ்பார், சமமான முகங்களாக உடையும் கனிமம். பக்கத்தில் எந்தக் கோணத்திலும் அப்படி மின்னாமல், கண்ணாடிபோல் வளைந்து உடைந்திருப்பது குவார்ட்ஸ், நம் வெள்ளாரங்கல். ஆனால் இதில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பேனாக்கத்தி அதன்மேல் கோடு கிழிக்கவில்லை. கத்தியின் இரும்புதான் கல்லில் சாம்பல் கோடாக ஒட்டியது. கரும்பழுப்பு மணிகள் ஹைப்பர்ஸ்தீன். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்த பாறை. அந்த ஆழத்துச் சூட்டில் நீர் அநேகமாக வெளியேறிவிட்டதால் காக்காப்பொன் இதில் குறைவு.

புதன், விளவங்கோடு

இந்தப் பக்கம் பாறைக்கு வரிகள் உண்டு. வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை, இது நைஸ். கறுப்பு வரியில் நகத்தை விட்டால் தகடு தகடாக உரிகிறது, அதுதான் காக்காப்பொன். வெள்ளை வரியில் மாதுளை முத்துகளாகக் கார்னெட். பழைய மதில் ஒன்றில் மழை பட்ட இடத்தில் சுற்றியிருந்த பொருள் கரைந்து, கார்னெட் மட்டும் துருத்தி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும்.

அதே மதிலில் கீழ் வரிசை வெட்டுக்கல். வெட்டும்போது மெத்து, காற்றுப்பட்டால் இறுகும். தடவினால் கையில் செம்மண் ஒட்டும், உடம்பெல்லாம் ஓட்டை. பாட்டில் தண்ணீரை ஒரு சொட்டு விட்டேன், உறிஞ்சிவிட்டது. மேல் வரிசைக் கருங்கல்லில் அதே சொட்டு உருண்டு இறங்கியது.

திரும்பும் வழியில் களியக்காவிளைப் பக்கம் பாறை ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. சல்லியாக உடைத்தபின் சார்னோக்கைட்டும் நைஸும் ஒரே விலை. மலைக்குத்தான் மறுவிலை கிடையாது.

வெள்ளி, மணவாளக்குறிச்சி

ஒரு சிரட்டையில் வெள்ளை மணல், இன்னொன்றில் அலை ஒதுக்கிய கறுப்பு மணல். இரண்டையும் இரு கைகளில் ஏந்தினால் தராசே வேண்டாம். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கறுப்பில் இருக்கும் இல்மனைட் ஏறக்குறைய 4.7. அலை லேசானதை இழுத்துப் போகிறது, கனத்ததை விட்டுப் போகிறது. நடுவில் செந்நிறக் கோடாகப் படிந்திருப்பது கார்னெட். புதன்கிழமை மதிலில் பார்த்த வகைப் பாறை மலையில் சிதைந்து, ஆற்றோடு வந்து சேர்ந்த சரக்கு. கன்னியாகுமரியில், தேவியின் நின்றுபோன கல்யாணத்து அரிசியும் பருப்பும் இப்படி மணலாயிற்று என்பார்கள். அந்தக் கல்யாணச் சரக்கில் கார்னெட் இன்று உப்புத்தாளுக்குப் போகிறது, இல்மனைட் வெள்ளைப் பெயின்டுக்கு.

இதே மணலில்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டார். ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவரை இங்கே இழுத்து வந்ததாம். தோரியம் உள்ள கனிமம். இன்று இங்கே அரசின் ஐஆர்இஎல் ஆலை நிற்கிறது. மஞ்சள் பழுப்பில் பொடிப்பொடியாக இருக்கும் மோனசைட்டைக் கையால் பிரித்தறிய முடியாது. அதற்கு ஆலைதான் வேண்டும். சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

சனி, வீடு

குமரி முனையருகே எடுத்துவந்த மங்கல் நிறத் துண்டு கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. நைஸ் அல்ல, வரி இல்லை. சார்னோக்கைட் அல்ல, கத்தி சுலபமாகக் கீறுகிறது. தேய்த்தால் மணல் உதிர்கிறது, இடையே சிப்பித்துணுக்கு. பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்பு பிணைத்த மணற்கல். கடல் தன் மணலையே ஒட்டிச் செய்தது. வடக்கே மலையில் இருக்கும் கல்லோடு வைத்தால் வயதில் நேற்றுப் பிறந்த பிள்ளை. ரசத்துக்கு வைத்திருந்த எலுமிச்சையை எடுத்தது யார் என்று அடுக்களையில் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.