ஒரு பாஸ்போர்ட்டுக்கு ஒரு பாஸ்போர்ட்

குடியுரிமை விஷயத்தில் கடலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாண்டிச்சேரி. அங்கே 'சொல்தா' வீடுகள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பென்ஷன் யூரோவில் வரும். பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு பாண்டியிலிருந்தே ஓட்டுப் போடுவார். பேசுவது தமிழ், சாப்பிடுவது மீன்குழம்பு. ஆனால் இந்திய பாஸ்போர்ட் கிடையாது. 1962-ல் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

தெற்கே சிதம்பரம் போனாலும் இதே கதைதான். ஆனித் திருமஞ்சனத் தேருக்கு லண்டனில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் வந்து வடம் பிடிப்பவர்கள் உண்டு. ஓசிஐ அட்டை இருந்தால் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். இந்தியாவுக்காக கால்பந்து மட்டும் ஆட முடியாது! இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குத்தான் தேசிய அணி என்று 2008-ல் மத்திய அரசு முடிவு செய்துவிட்டது.

இந்தச் சுவரில் முட்டிக்கொண்டவர் அராட்டா இசுமி. (அரட்டை என்று படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கவும் :-)) அப்பா குஜராத்தி, அம்மா ஜப்பானியர். 1982-ல் ஜப்பானின் ஷிமோனோசெகியில் பிறந்தார். 2005-ல் சிங்கப்பூர் லீக்கில் ஆடிய அல்பிரெக்ஸ் நிகாடா என்ற ஜப்பான் கிளப்புக்கு ஆடினார். 2006-ல் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால், அப்புறம் மும்பை மஹிந்திரா யுனைடெட், 2009 முதல் புனே எஃப்.சி. இங்கே இருந்த வரை அவர் வெளிநாட்டு ஆட்டக்காரர். ஒவ்வொரு கிளப்புக்கும் வெளிநாட்டவர் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. அதில் ஒரு இடத்தை அவர் அடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தராது, ஜப்பானும் தராது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. 2012-ல் ஜப்பான் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இந்தியக் குடிமகன் ஆனார். இனி பிறந்த ஊருக்குப் போக வேண்டும் என்றால் அவருக்கு விசா வேண்டும். 1998-லிருந்து ஒரு உலகக் கோப்பையையும் தவறவிடாத நாட்டை விட்டுவிட்டு, ஒருமுறைகூட உலகக் கோப்பையில் ஆடாத நாட்டுக்கு வந்தவர்!

2013 பிப்ரவரி 6, கொச்சி. பாலஸ்தீனத்துக்கு எதிராக முதல்முறையாக இந்தியச் சட்டை போட்டார். 4-2 என்று இந்தியா தோற்றது. அப்போது அவருக்கு வயது 30. மொத்தத்தில் அவர் இந்தியாவுக்கு ஆடிய ஆட்டங்கள் பத்தைத் தாண்டவில்லை.

இதற்காகவா ஒரு நாட்டையே விட்டார் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் தியாகி பட்டமும் அவருக்கு வேண்டாம். ஜப்பான் அணியில் இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. இந்தியர் ஆனதும் வெளிநாட்டவர் கணக்கிலிருந்து வெளியே வந்தார். 2015-ல் கொல்கத்தா அட்லெடிகோ, பிறகு புனே சிட்டி, கேரளா பிளாஸ்டர்ஸ், மணிப்பூரின் நெரோகா என்று முப்பத்தைந்தைத் தாண்டியும் ஆட முடிந்தது. கணக்கும் ஆசையும் கலந்துதான் மனுஷன் முடிவு எடுக்கிறான்.

மைக்கேல் சோப்ரா இன்னொரு விதம். இங்கிலாந்தில் நியூகாசிலுக்கும் சண்டர்லேண்டுக்கும் ஆடியவர், அப்பா வழியில் இந்தியர். இந்தியாவுக்கு ஆட ஆசை என்றார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட வேண்டும் என்ற இடத்தில் அது நின்றுபோனது. அவரையும் குறை சொல்ல முடியுமா? பாண்டியில் எந்தச் சொல்தா பேரனிடமாவது பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடு என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பக்கத்து நாடுகள் சிலவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை. டென்மார்க்கில் பிறந்த ஜமால் பூயான் பங்களாதேஷ் கேப்டன் ஆனார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் ஹம்சா சௌத்ரி பங்களாதேஷுக்காக இறங்கியபோது அவரிடம் பிரிட்டிஷ் குடியுரிமையும் இருந்தது. எதிரே நின்றது இந்தியா. கோல் இல்லாத டிரா. அந்த வருடம் நவம்பரில் டாக்காவில் 1-0 என்று பங்களாதேஷ் ஜெயித்தே விட்டது.

அதே நவம்பரில்தான், இங்கிலாந்தில் பல கிளப்புகளுக்கு ஆடி பெங்களூருவுக்கு வந்த ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு இந்தியர் ஆனார். அம்மா மும்பையில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். அராட்டாவுக்குப் பிறகு இப்படி ஒருவர் வர பதின்மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அதற்குள் அராட்டா ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இங்கேயே சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார்.