புறப்படும் தேதி

தாதியர் வாரியத்தில் பெயர் பதிவாகிவிட்டது என்று சொன்ன அன்றே பெரியம்மா கேட்டுவிட்டார், "அப்பறம் என்ன, சிங்கப்பூர்தானே?" புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் தாதிமை படித்து முடித்த எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வி தப்பாது. போவாயா என்று யாரும் கேட்பதில்லை. எப்போது என்றுதான் கேட்கிறார்கள்.

மூன்றாண்டு டிப்ளோமா, வாரியத் தேர்வு, 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின் கீழ் பதிவு, அப்புறம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய பணிச் சான்றிதழ். இவ்வளவும் கையில் இருந்தால் நான் மிஸி. தாளில் மட்டும். சவுதிக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். பிரிட்டன் என்றால் ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போன பிறகு செய்முறைத் தேர்வு. சிங்கப்பூர் பக்கம். அங்கே ஒரு டாலர் இங்கே மூன்று வெள்ளிக்கு மேல். இரவு பஸ் ஏறினால் விடியும்போது வீட்டில் இருக்கலாம். நம் வீடுகளில் வெளிநாடு என்றாலே சிங்கப்பூர் ஆனது இதனால்தான்.

உடனே போவதற்கு எனக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அப்பாவுக்கு அடுத்த வருடம் அறுபது. தனியார் துறையில் ஓய்வு வயதை அறுபதுக்குக் கீழே வைக்கக் கூடாது என்ற சட்டம் 2013இல் நடப்புக்கு வந்தது. அறுபதுக்குப் பிறகு லயத்து வீட்டில் யார் இருப்பது என்று அது ஒன்றும் சொல்லவில்லை. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண், மாதா மாதம் தஞ்சோங் காராங் மருத்துவமனை. எனக்கு பி.டி.பி.டி.என். கடன். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் வாங்கும் சம்பளத்தில் மோட்டாருக்கும் கடனுக்கும் போக மிச்சத்தைச் சேர்த்து வீட்டுக்கு முன்பணம் கட்டுவதென்றால், அப்பாவின் அறுபது என் கணக்குக்காகக் காத்திருக்காது.

ஆனாலும் நான் இன்னும் போகவில்லை. காரணம் டெங்கி வார்டு.

சிலாங்கூரில் தாதியாக இருந்தால் டெங்கியைப் பார்க்காமல் ஒரு மாதம்கூட ஓடாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். குடும்பமே மூச்சு விடும், "மிஸி, சரியாயிடுச்சில்ல?" என்று கேட்கும். உண்மையில் அப்போதுதான் பயப்பட வேண்டும். ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிய ஆரம்பிக்கும் நேரம் அது. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கி 20க்கு வந்துவிட்டால் ஆபத்து. பாடப் புத்தகத்தில் இதைப் படித்துத்தான் தேர்வு எழுதினேன். ஆனால் எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருக்கிறார். இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் விரல் நுனியைத் தொடுவார், நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புவதைப் பார்ப்பார், "இந்தப் பையன் ஏன் இவ்ளோ அமைதியா இருக்கான்?" என்பார். டாக்டரை அழைத்துவிட்டுத்தான் எண்களைக் குறிப்பார். அந்தக் கை எனக்கு வேண்டும். அது ஆறு மாதத்தில் வருவதில்லை.

என்னோடு படித்தவள் ஒருத்தி படித்த கையோடு போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் வேலைதான் கிடைத்தது. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கை மாற்றுவது. மருந்து வண்டியைத் தொட முடியாது. அவளை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பியின் கல்லூரிக் கட்டணம் அவள் பணத்தில்தான் போகிறது. ஆனால் ஊசி போட்டு ஒரு வருடம் ஆச்சு என்று போனில் சொன்னபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

எங்கள் குடும்பத்துக்கு இடம்பெயர்வது புதிதல்ல. கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய நாளைக் கங்காணி முடிவு செய்தான். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். அதைப் பார்த்துத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டி இருந்த தோட்டத்துக்கு அந்தக் கை எட்டவில்லை. புது முதலாளி சொன்ன தேதியில் கைக்குழந்தையோடு லாரியில் ஏறினார். அப்பா செம்பனைக் குலை வெட்ட இங்கே வந்ததும் இன்னொரு தோட்டம் மூடியதால்தான். புறப்படும் தேதியை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் தாங்களாகக் குறித்ததில்லை. பிடிவாதம் என்று பெரியம்மா சொல்வது இதைத்தான் என்றால், ஆமாம், பிடிவாதம்தான்.

அதற்காக அப்பாவின் அறுபதைத் தள்ளிப்போட முடியாது. ஈஜோக்கில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் மூன்றாம் மாடி வீடு வாடகைக்கு இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. அம்மாவின் கால் அந்தப் படிகளைத் தாங்குமா என்று போன ஞாயிறு கூட்டிப்போய்ப் பார்த்தோம். இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். தரைத் தளத்தில் வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடச் சான்றிதழுக்கு இங்கேயே விண்ணப்பித்தாயிற்று. இரண்டு வருடம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தோட்டத்து ஆபீஸில் வீட்டுச் சாவியைக் கொடுக்க இன்னும் மூன்று மாதம் கூடுதலாகக் கேட்டுப் பார்ப்பதாக மட்டும் சொன்னார்.