குதிரை விலகிப்போகலாம்

ஏப்ரல் 5, சனி

நியூ ஜெர்சியில் குளிர் இன்னும் விடவில்லை. காலையிலேயே முன்னாள் ராணுவ வீரர்கள் நான்கு பேர் லாயத்துக்கு வந்துவிட்டார்கள். குதிரையைக் கவனிப்பது என் வேலை. அவர்களோடு பேசுவது மனநல சிகிச்சையாளரின் வேலை. யாரும் குதிரைமீது ஏறுவதில்லை. உடம்பைத் தேய்த்துவிடுவார்கள், தலைக்கயிறு போட்டு நடத்திப் போவார்கள், பிறகு கயிறில்லாமலே கூட வரச் செய்து பார்ப்பார்கள்.

ஆப்கானிஸ்தானில் இருந்தவர் ஒருவர் செம்பழுப்புப் பெண்குதிரையை நோக்கி விறுவிறுவென்று போனார். அது காதுகளைப் பின்னால் மடித்து, தலையைத் தூக்கி, விலகி நின்றது.

"அதுக்கு என்னைப் பிடிக்கல."

சிகிச்சையாளர் சமாதானம் சொல்லவில்லை. "உங்க தோள் இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு தோளும் காதுவரை ஏறியிருந்தது வீரருக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சை விட்டார். நேரே பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றார். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குதிரையின் ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது. தலை தாழ்ந்தது. வாயை மென்றபடி வந்து அவர் சட்டைப்பையை முகர்ந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

குதிரை பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். நிற்கும்போதும் அதன் காவல் ஓய்வதில்லை. போரிலிருந்து திரும்பிய பிறகும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாத மனிதருக்கு இந்த உடம்பின் தவிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோபமான மனித முகத்தின் படத்தைப் பார்த்தாலே குதிரையின் இதயத்துடிப்பு வேகமாக ஏறுவதை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 12, சனி

அண்ணன் போனில் கேட்டான்: "இந்தக் குதிரை சிகிச்சைக்கெல்லாம் ஆதாரம் இருக்காம்மா?"

இருக்கிறது, ஓரளவுக்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'மேன் ஓ வார்' திட்டத்தில், பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) உள்ள 63 முன்னாள் வீரர்கள் வாரம் ஒருமுறை 90 நிமிடம் வீதம் 8 வாரம் குதிரைகளோடு இருந்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. சுமார் பாதிப் பேருக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. மூன்று மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. மாத்திரையையும் ஆலோசனையையும் நிறுத்திவிட்டுக் குதிரையிடம் வா என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதே என்றுதான் சொல்வேன். அண்ணனிடமும் அதையே சொன்னேன்.

ஏப்ரல் 19, சனி

பெண்குதிரை இன்று சரியில்லை. மூலையில் முகம் திருப்பி நின்றது. பிரஷைக் கண்டதும் வாலைச் சுழற்றியது. இன்று இது வேண்டாம் என்று சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டேன். வெளியே ஆள் காத்திருக்கும்போது இப்படிச் சொல்வது சங்கடம்தான். ஆனாலும் கயிற்றால் இழுத்துப் பிடித்த குதிரை அருகில் நிற்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? இரண்டு வாரம் முன்பு, விலகிப்போக இடம் இருந்தும் அது ஆப்கானிஸ்தானில் இருந்தவரிடம் நெருங்கி வந்தது. அவர் தோள் இறங்கியதற்கு அது தந்த பதில் அதுதான். அந்த இடத்தைப் பறித்துவிட்டால் இது சிகிச்சையே இல்லை.

வெளியே காத்திருந்தவரும் அவர்தான். விஷயத்தை அவரிடம் சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அதுக்கும் லீவு வேணும்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ என்னோடு வந்தார். ஒரு வாரம் அதற்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று லாயப் பலகையில் எழுதிவைத்தேன்.